ஏற்பு வலியும் உடலின் நினைவும்

மண்வெட்டி காலில் பட்டால், அலவாங்கு கையைக் கிழித்தால், "ஏற்பூசி போட்டாயா?" என்று கேட்கிறோம். ஏன்?

ஏற்பு வலிக் கிருமியின் வித்திகள் மண்ணிலும் சாணத்திலும் பல ஆண்டுகள் கிடக்கும். காற்றுப் புகாத ஆழமான காயத்தினுள் அவை முளைத்து நஞ்சைச் சுரக்கின்றன. நஞ்சு நரம்பு வழியே சென்று தசைகளை இறுக்கும். முதலில் வாய் திறக்க முடியாமற் போகும். பின்னர் முதுகு வில்லாய் வளையும். மூச்சுத் தசைகளும் இறுகினால் உயிர் போகும்.

எமது குருதியிலுள்ள வெண்கலங்கள் ஒருமுறை கண்ட எதிரியை நினைவில் வைத்துப் பிறபொருளெதிரிகளை ஆக்கும். அதனாலேயே சின்னமுத்து வந்தவருக்கு அது மீண்டும் வருவது அரிது. ஏற்பு வலி அப்படியன்று. உயிரைக் கொல்லப் போதுமான நஞ்சு, வெண்கலங்களுக்குப் பாடம் புகட்டப் போதாது. எனவே பிழைத்தவருக்கும் ஊசி தேவை. தீங்கு நீக்கிய நஞ்சே ஊசியில் உண்டு. அந்த நினைவும் காலப்போக்கில் மங்குவதால் மீண்டும் போட வேண்டும். கர்ப்பிணித் தாய் போட்டுக்கொண்டால், அவரின் பிறபொருளெதிரிகள் பிறக்கும் குழந்தையையும் காக்கும்.

நாம் செய்யக்கூடியவை:

1. காயத்தைச் சவர்க்காரமும் சுத்தமான நீரும் கொண்டு நன்கு கழுவுங்கள். சாணம், சாம்பல், கோப்பித் தூள் வைக்க வேண்டாம்.

2. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குச் சென்று, கடைசியாக ஊசி போட்ட ஆண்டைச் சொல்லுங்கள்.

3. இடம்பெயர்ந்தபோது கிளினிக் காட் தொலைந்ததா? மறைக்காமல் மருத்துவ மாதிடம் சொல்லுங்கள். விபரம் தெரியாதவரைப் போடாதவராகவே கருதி ஊசியைத் தொடங்குவார்கள். புதிய காட்டைப் பொலித்தீன் பையிலிட்டு, அடையாள அட்டையுடன் வைத்திருங்கள்.