பீட்டர்ஸ்பர்க்கில் ஒரு நாள்... மிஞ்சாத ரொட்டி!

காலை ஒன்பது மணி. ஓட்டல் வாசலில் பஸ் தயார். ‘ரொட்டி ஒரே கறுப்பு, போதாததற்குப் புளிப்பு வேறு’ என்று தட்டிலேயே ஒதுக்கிவிட்டு ஓடிப்போய் ஏறினேன். குழுவில் 22 பேர். வழிகாட்டிப் பெண்மணி சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்து, “இந்தக் குடையைத் தவறவிட்டால் நீங்கள் காணாமல் போனீர்கள் என்று அர்த்தம்” என்றார்.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க், நேவா ஆற்றின் சதுப்பு நிலத்தில் 1703-ல் மகா பீட்டர் எழுப்பிய நகரம். முதலில் ரத்தத்தின் மீதான மீட்பர் தேவாலயம். 1881-ல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் குண்டு வீச்சுக்கு ஆளான அதே இடத்தில் கட்டியது. உள்ளே சுவர், கூரை எல்லாம் மொசைக் ஓவியங்கள். கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தோம்.

அடுத்து பீட்டர்-பால் கோட்டை. பகல் 12 மணிக்கு தினமும் ஒரு பீரங்கி வெடிக்கும். தெரிந்தே காத்திருந்தும், ‘டமார்’ என்றதும் அத்தனை பேரும் துள்ளிவிட்டோம். ஒரே சிரிப்பு!

அந்தச் சிரிப்பு செயின்ட் ஐசக் சதுக்கத்தில் அடங்கியது. 40 ஆண்டுகள் கட்டிய தேவாலயத்தின் தங்கக் கோபுரம் வெயிலில் ஜொலித்தது. “போரின்போது எதிரி விமானங்களின் கண்ணில் படாமலிருக்க இதற்குச் சாம்பல் நிறம் பூசினார்கள்” என்றார் வழிகாட்டி.

அன்று இந்த ஊரின் பெயர் லெனின்கிராட். ஜெர்மானியப் படை 1941 செப்டம்பரில் முற்றுகையிட்டது. அது முழுதாக நீங்கியது 1944 ஜனவரியில். முதல் குளிர்காலத்தில் ரேஷன் ரொட்டி, குழந்தைகளுக்கு நாளொன்றுக்கு வெறும் 125 கிராமாகக் குறைந்தது. அதிலும் மாவோடு மரக்கூழ் கலப்பு. பல லட்சம் பேர் பசியால் மடிந்தார்கள்.

சதுக்கத்தின் ஓரத்துக் கட்டடம் ஒன்றைக் காட்டினார். வாவிலோவ் தாவர ஆய்வு நிலையம். உலகெங்கும் திரட்டிய விதைகளை அங்கே காத்த விஞ்ஞானிகள், ஒரு பிடிகூட எடுத்துத் தின்னாமல் பட்டினியில் இறந்தார்கள். அரிசி ரகங்களைப் பாதுகாத்த திமித்ரி இவானோவ் உயிர்விட்டபோது, அவர் பொறுப்பில் பல ஆயிரம் அரிசிப் பொட்டலங்கள் பிரிக்காமல் இருந்தன. விதைகளைச் சேர்த்த வாவிலோவும் ஸ்டாலின் ஆட்சியின் சிறையில், 1943-ல் பசியால்தான் இறந்தார்.

பிற்பகல் ஹெர்மிடேஜ் அருங்காட்சியகம். (திங்கட்கிழமை விடுமுறை, கவனம்!) முற்றுகைக்கு முன்பே லட்சக்கணக்கான கலைப்பொருட்களை ரயிலேற்றி அனுப்பிவிட்டார்கள். வெற்றுச் சட்டங்கள் மட்டும் சுவரில் தொங்கின. உதவிக்கு வந்த படைவீரர்களுக்கு, அந்தச் சட்டங்களின் முன்னால் நின்றே இல்லாத ஓவியங்களை ஊழியர் ஒருவர் விவரித்தாராம்.

மாலையில் நெவ்ஸ்கி வீதி, 14-ம் எண் கட்டடம். குண்டு விழும்போது தெருவின் இந்தப் பக்கம் ஆபத்து என்ற நீல நிற எச்சரிக்கை இன்றும் சுவரில் இருக்கிறது. கீழே யாரோ வைத்த பூக்கள். யாரும் செல்ஃபி எடுக்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு அதே கறுப்பு ரொட்டி வந்தது. ஜூன் மாதம் என்பதால் மணி பத்தாகியும் வெளியே வெளிச்சம். பேச்சில்லாமல் சாப்பிட்டோம். கூடையில் ஒரு துண்டுகூட மிஞ்சவில்லை.