குடும்பத் துணையும் தன்னம்பிக்கையும்

பள்ளிப் படிப்பை முடித்துப் பல்கலைக்கழகம் செல்லும் மாணவர் புதியதோர் உலகிற் புகுகின்றனர். வீட்டைப் பிரிந்து விடுதியில் உறைதல், அறியாதாரோடு பழகுதல், அரிய பாடங்களைக் கற்றல், தேர்வுகளை எதிர்கொள்ளல் ஆகியன ஒருங்கே வந்து சேர்கின்றன. இவற்றால் மனம் சோர்ந்து, உறக்கம் கெட்டு, உடல்நலம் குன்றுவாரும் உளர். அந்நிலையில் அவர்களைத் தாங்கி நிற்பவை குடும்பத்தின் துணையும் தன்னம்பிக்கையுமாம். முன்னது நீர், பின்னது அந்நீரால் வளரும் பயிர்.

தன்னம்பிக்கை எவ்வாறு வளர்கிறது? கனடாவிற் பிறந்து, அமெரிக்காவின் ஸ்டான்போர்டுப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராக விளங்கிய உளநூலறிஞர் ஆல்பர்ட் பாண்டுரா 1977-ஆம் ஆண்டில் இதனை விளக்கினார். 'இச்செயலை என்னால் முடிக்க இயலும்' என்னும் துணிவு நான்கு வழிகளில் வளரும் என்றார் அவர். தானே முயன்று பெற்ற வெற்றி முதலாவது. தன்னைப் போன்றார் வெற்றி பெறுதலைக் காணல் இரண்டாவது. பிறர் கூறும் ஊக்கவுரை மூன்றாவது. பதற்றமற்ற உடல், மன நிலை நான்காவது. இவற்றுள் வலிமை மிக்கது முதலாவதே. குடும்பத்தார் ஊக்கம் அளிக்கலாம், அமைதி தரலாம். ஆயின், முயலவேண்டியவர் மாணவரே.

இதற்கு அப்துல் கலாமின் இளமை வாழ்வு நல்லதொரு சான்றாகும். 2002-ஆம் ஆண்டில் இந்தியக் குடியரசுத் தலைவரான அவர், 1931-ஆம் ஆண்டு இராமேசுவரத்திற் பிறந்தவர். திருச்சியிற் கல்லூரிக் கல்வியை முடித்தபின், வானூர்திப் பொறியியல் பயிலச் சென்னைக் குரோம்பேட்டையிலுள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் பெற்றார். அங்குச் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டியிருந்தது. அத்தொகை தந்தையாரிடம் இல்லை. தமக்கையார் ஜோஹரா தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்து உதவினார். அந்நகைகளைத் தம் வருவாயாலேயே மீட்பதென்றும், அதற்கு நன்கு பயின்று உதவித்தொகை பெறுவதே வழியென்றும் கலாம் உறுதி பூண்டார்.

அவ்வுறுதிக்கு ஒரு சோதனை வந்தது. வானூர்தி வடிவமைப்பில் அவர் செய்த பணி நிறைவளிக்காமை கண்ட பேராசிரியர், மூன்று நாட்களுள் அதனை முடிக்காவிடில் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். அப்போது தமக்கையார் அருகில் இல்லை. அவர் வைத்த நம்பிக்கை மட்டும் உடனிருந்தது. கலாம் இரவு உணவையும் துறந்து உழைத்து, வரைபடத்தை உரிய காலத்தில் முடித்துப் பேராசிரியரின் பாராட்டைப் பெற்றார். வளையல்கள் வழி திறந்தன. அவ்வழியில் நடந்தவை அவருடைய கால்களே.

பொருளுதவி ஒன்றே துணையாகாது. மதிப்பெண் குறைந்த நாளிற் சினவாமையும், பிறர் பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாமையும், கூறுவதைப் பொறுமையாகக் கேட்டலும் துணையே. அச்சுறுத்தலும் ஓயாத வற்புறுத்தலும் தன்னம்பிக்கையைக் குலைத்துவிடும். மாணவரும் தம் துன்பத்தை வீட்டாரிடமும் ஆசிரியரிடமும் மறைத்தலாகாது. உதவி நாடுதல் இழிவன்று. நீர் பாய்ச்சுதல் குடும்பத்தின் கடன். வேரூன்றி நிமிர்தல் மாணவர் கடன். இவ்விரண்டும் இணையுமிடத்திற் கல்வியும் நலமும் ஒருங்கே செழிக்கும்.