எடை கூடினால் மருந்தைக் குறைக்கலாமா?

பருமன் என்றதும் சர்க்கரையும் மாரடைப்பும்தான் நினைவுக்கு வரும். புற்றுநோயை அதோடு சேர்த்துப் பார்ப்பவர்கள் குறைவு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையோ 2016இல், உடலில் சேரும் மிகைக் கொழுப்புக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் தொடர்பு உண்டு என்றது. பெருங்குடல், கணையம், கல்லீரல், சிறுநீரகம், மாதவிடாய் நின்றபின் வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் அடக்கம். மிக வலுவான தொடர்பு கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு: பி.எம்.ஐ. 40ஐத் தாண்டிய பெண்களுக்கு அபாயம் சுமார் 7 மடங்கு.

கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. அதிலுள்ள அரோமடேஸ் நொதி ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. சூலகம் ஓய்ந்தபின் பெண்ணுடலில் அந்த ஹார்மோனுக்கு முக்கிய ஊற்று இதுதான். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அனஸ்ட்ரசோல், லெட்ரசோல் மாத்திரைகள் முடக்குவதும் இதே நொதியைத்தான். உயர்ந்த இன்சுலினும் தீராத அழற்சியும் தம் பங்குக்குச் செல்களைப் பெருக்குகின்றன.

எடை குறைந்தால் அபாயம் குறையுமா? அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக் 30,318 பேரின் தரவுகளை ஆராய்ந்து 2022இல் வெளியிட்ட முடிவு நம்பிக்கை தருகிறது. 10 ஆண்டுகளில் பருமன் சார்ந்த புற்றுநோய் வந்தவர்கள், எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்தவர்களில் 2.9%, செய்யாதவர்களில் 4.9%. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை அல்ல என்பதால், முழுப் புகழையும் கத்திக்கே கொடுத்துவிட முடியாது.

நோய் வந்தபின் நடப்பதுதான் அதிகம் பேசப்படாதது. பல கீமோ மருந்துகளின் அளவை உடற்பரப்பை வைத்தே கணக்கிடுகிறார்கள். 160 செ.மீ. உயரம், 120 கிலோ எடை என்றால் அது சுமார் 2.3 சதுர மீட்டர். இவ்வளவு மருந்தை உடம்பு தாங்குமா என்ற தயக்கத்தில் 2 என்று நிறுத்திக்கொள்ளும் பழக்கம் நெடுநாள் இருந்தது. அப்படி நிறுத்தினால் மருந்தில் 13% போய்விடும். பருமனானவர்களில் 40% பேர் வரை இப்படிக் குறைந்த மருந்து பெற்றதாக அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2012இல் சுட்டிக்காட்டியது. அக்கறையால் செய்ததுதான், ஆனால் நோயைக் குணமாக்கும் வாய்ப்பையே அது குறைத்திருக்கக்கூடும். முழு அளவு கொடுத்தால் ரத்த அணுக்கள் மற்றவர்களைவிட அதிகம் சரியும் என்பதற்குச் சான்று இல்லை. உண்மையான எடைக்கே கணக்கிடுங்கள் என்றது சங்கம். 2021இல் தன் வழிகாட்டுதலில் நோயெதிர்ப்புச் சிகிச்சை மருந்துகளையும் இலக்கு மருந்துகளையும் பற்றிய பரிந்துரைகளைச் சேர்த்துக்கொண்டது. பக்கவிளைவு கடுமையானால் குறைக்கலாம். அதுவும் ஒல்லியானவருக்கு எப்போது, எவ்வளவு குறைப்பார்களோ அப்படியே.