மூத்த பூனையும் புதுக்குட்டியும்

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. தனியே எலி பிடித்து, தனக்கென்று எல்லை வகுத்துக்கொண்டு வாழும் பிராணி. சைப்ரஸ் தீவில் ஒரு மனிதரின் புதைகுழிக்குப் பக்கத்திலேயே பூனையையும் புதைத்திருந்தது 2004-இல் தெரியவந்தது. அந்தப் புதைகுழிக்கு வயது சுமார் 9,500 ஆண்டுகள். அத்தனை காலம் மனிதரோடு பழகியும், தன் இடத்துக்குள் வரும் இன்னொரு பூனையை அது சட்டென்று ஏற்பதில்லை.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் வீட்டுக்கு வரும் குட்டிகளில் பல தெருவில் பிறந்தவை. ஐப்பசி மழையில் நனைந்து கார் அடியில் கத்திக்கொண்டிருக்கும் குட்டியைத் தூக்கிவந்து, வீட்டில் இருக்கும் பத்து வயதுப் பூனையின் முன் நேராக இறக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. பூனைக்கு அறிமுகம் முதலில் மூக்கு வழியாக நடக்க வேண்டும். கன்னம், நெற்றி, பாதம், வாலடி ஆகிய இடங்களில் அதற்கு வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் கன்னத்தைத் தேய்ப்பது தன் அடையாளத்தைப் பதிக்கத்தான். சில வாசனைகளை முகர்ந்ததும் வாயைப் பாதி திறந்து, முகம் சுளித்தாற்போல் நிற்கும். மேலண்ணத்தில் உள்ள ஜேக்கப்சன் உறுப்புக்கு அந்த வாசனையைக் கொண்டுபோகிறது.

ஆகவே குட்டிக்கு முதல் இரண்டு வாரம் தனி அறை. இதற்கு மருத்துவக் காரணமும் இருக்கிறது: தெருக்குட்டி நோயோடு வந்திருக்கலாம். பேன்லூகோபீனியா என்னும் வைரஸ் நோய் தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். அந்த வைரஸ் தரையிலும் துணியிலும் பல மாதம் அழியாமல் கிடக்கும். குட்டிக்கு 6 முதல் 8 வார வயதில் முதல் ஊசி, பிறகு 16 வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று. வெறிநாய்க்கடித் தடுப்பூசி தனி. மூத்த பூனையையும் ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது, ஏனென்றால் மூட்டுவலி உள்ள கிழப்பூனைக்குத் துள்ளும் குட்டி பெரிய தொல்லை. 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி இப்போது வேப்பேரியில் இருக்கும் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பூனைகளுக்கும் சிகிச்சை உண்டு.

தனி அறையில் இருக்கும் இந்த நாட்களில் குட்டி படுத்த துணியை மூத்ததன் சோற்றுத் தட்டுக்குச் சற்றுத் தள்ளிப் போட வேண்டும். மூத்ததன் துணி குட்டியின் அறைக்குப் போகட்டும். துணியைப் பார்த்துச் சீறினால் இன்னும் தள்ளிப் போடலாம். முகர்ந்துவிட்டுப் பேசாமல் சாப்பிடத் தொடங்கினால் அடுத்த கட்டம்: பார்வை. நம் வீடுகளின் கொசுவலைக் கதவு இதற்கென்றே செய்தது போல் உதவும். கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு. இரண்டிலும் கொஞ்சம் வேகவைத்த மீன். எதிரில் அந்நியப் பூனை இருக்கும்போதெல்லாம் மீனும் வருகிறது என்பது மூத்ததற்கு மெல்லப் பதியும். நாளுக்கு நாள் தட்டுகளை நெருக்கலாம். பாலை ஊற்றிச் சமாதானம் செய்யும் பழக்கம் வேண்டாம்; பல பூனைகளுக்குப் பசும்பால் வயிற்றுப்போக்கைத் தரும்.

கதவைத் திறந்தபின் முதல் சந்திப்புகள் சில நிமிடமே போதும். சீறல், உறுமல், பாதத்தால் ஓர் அறை ஆகியவை குட்டிக்கு எல்லை சொல்லிக்கொடுக்கும் வழிகள். அதற்காக மூத்ததைத் திட்டினால் குட்டி மீதான வெறுப்புதான் கூடும். காதை மடக்கி, உடம்பை ஒடுக்கி, கண் கொட்டாமல் பார்த்தால் நடுவே ஓர் அட்டையை நீட்டிப் பிரித்துவிட வேண்டும். கையை நீட்டினால் கடி நிச்சயம்.

இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இடம் குறைவுதான், ஆனால் பூனைக்கு உயரமும் இடமே. பீரோ உச்சியும் ஜன்னல் திட்டும் மூத்ததற்கென்று இருக்கட்டும். ஏற முடியாத வயதென்றால் நடுவே ஒரு ஸ்டூல் போடலாம். மணல் தட்டு பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக, வெவ்வேறு மூலைகளில் வேண்டும். ஒரே மூலையில் வைத்தால் வழியை மறித்து ஒன்று உட்கார்ந்துகொள்ளும்.

மன உளைச்சல் பூனையின் சிறுநீர்ப்பையைத் தாக்கும். கடுவன் பூனை மணல் தட்டில் அடிக்கடி முக்கியும் சிறுநீர் வராவிட்டால் அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிப்போக வேண்டும்; அடைப்பு ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும். மற்றபடி இணக்கம் வரச் சில வாரமோ சில மாதமோ ஆகலாம். சில ஜோடிகள் ஒன்றை ஒன்று நக்கிக்கொடுத்துக் கட்டிப்பிடித்துத் தூங்கும். சில ஆளுக்கொரு அறையில் சண்டையின்றி இருந்துவிடும். இரண்டுமே வெற்றிதான்.