மௌனமாக நின்றுபோகும் இழைகள்

2003-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 14-ஆம் தேதி பிற்பகலில், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஃபர்ஸ்ட்எனர்ஜி என்ற மின்சாரக் கம்பெனியின் கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள், அபாய மணி எதுவும் ஒலிக்காத காரணத்தால், தங்கள் மின்பாதைகளெல்லாம் க்ஷேமமாயிருக்கின்றன என்றே நம்பிக்கொண்டிருந்தார்கள். உண்மையில், 2 மணி 14 நிமிஷத்துக்கே அபாயத்தை அறிவிக்கவேண்டிய மென்பொருள் ஸ்தம்பித்துவிட்டது. ஒரே தகவல் தொகுதியில் இரண்டு செயல்கள் ஏககாலத்தில் எழுதப் புகுந்ததால் அது சிதைந்து, அறிவிப்பு நிரல் முடிவற்ற சுழலில் சிக்கிக்கொண்டது பின்னர்தான் புலனாயிற்று. மரங்களில் உரசி மின்பாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டிக்கப்பட்டதை உரிய காலத்தில் அறிந்து பரிகாரம் தேட இயலாமற்போனது, அன்று மாலை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக ஏறக்குறைய 5 கோடி மக்களைப் பாதித்த மின்தடைக்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

ஒரு நிரல் தன் காரியங்களைப் பல இழைகளாகப் பகிர்ந்து நடத்தும்போது, பொதுவான தகவலை ஒரு சமயத்தில் ஓர் இழை மட்டுமே மாற்றுமாறு, பூட்டு என்னும் ஏற்பாடு காவல் புரிகிறது. பூட்டைக் கைக்கொண்ட இழை, ஒரு கணக்கில் 1,000 ரூபாயைக் கழித்துவிட்டு, மற்றொரு கணக்கில் சேர்ப்பதற்குமுன் எதிர்பாராத பிழையால் மாண்டுபோனால் என்ன ஆகும்? பூட்டு திறக்கப்படாவிட்டால், மற்ற இழைகள் முடிவின்றிக் காத்துக்கிடக்கும். தானே திறந்துகொண்டாலோ, அவை அரைகுறைக் கணக்கையே மெய்யென்று கொண்டு மேலே செல்லும். ஓர் இழையைப் பலவந்தமாக நிறுத்தும் கட்டளையை, 1998-இல் வெளிவந்த ஜாவா மொழிப் பதிப்பு விலக்கத்தக்கதென்று அறிவித்ததற்கு இந்த இரண்டாவது அபாயமே காரணம். ரஸ்ட் மொழியோ, கைக்கொண்ட இழை வீழ்ந்துபோன பூட்டை நஞ்சேறியதாகக் குறித்து, அடுத்து வரும் இழையை எச்சரிக்கிறது.

ஸ்வீடன் தேசத்து எரிக்ஸன் கம்பெனியில், 1980-களின் பிற்பகுதியில், ஜோ ஆம்ஸ்ட்ராங் முதலானோர் தொலைபேசி இணைப்பகங்களுக்காகச் சிருஷ்டித்த எர்லாங் மொழி, பொதுவான நினைவகத்தையே தவிர்த்துவிட்டது. அங்கே ஒவ்வொரு செயலும் தனித்திருந்து, செய்திகளால் மட்டுமே பிறவற்றோடு உறவாடும். ஒன்று மடிந்தால், அதைக் கவனிக்கும் மேற்பார்வைச் செயல் அதைத் தொடக்க நிலையிலிருந்து மறுபடி துவக்கும். மீண்டும் மீண்டும் மடிந்தால், மேற்பார்வைச் செயலும் தன் பதவியைத் துறந்து, தனக்கு மேலுள்ளதிடம் பொறுப்பை ஒப்படைக்கும்.

எந்தப் பிழை நேர்ந்தாலும் அதைப் பிடித்து விழுங்கிவிட்டு, ஒன்றும் நடவாததுபோல் ஓடும் நிரல், எழுதியவருக்கு நிம்மதி தரலாம். ஆனால் கெட்ட நிலையைக் கைவிட்டு, தன் வீழ்ச்சியைப் பிறர் அறிய வீழும் இழையையே ஒருவர் நம்ப முடியும்.