காவிரித் திட்டில் பறவைக் குடும்பங்கள்

மைசூரு அக்ரஹாரத்தில் குடியிருக்கும் நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் அரண்மனையையும் சாமுண்டி மலையையும் காட்டுகிறோம். 20 கிலோமீட்டருக்கும் குறைந்த தொலைவில், ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துள்ள ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தையும் காட்டுதல் வேண்டும்.

17-ஆம் நூற்றாண்டில் காவிரியின் குறுக்கே கட்டப்பெற்ற அணையினால் இங்குச் சிறு திட்டுக்கள் தோன்றின. பறவையியல் அறிஞர் சாலிம் அலி அவற்றின் அருமையை மைசூர் அரசுக்கு எடுத்துரைத்தார். 1940-இல் அவ்விடம் சரணாலயமாயிற்று. 2022-இல் உலகச் சிறப்புடைய ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலிலும் சேர்ந்தது.

பறவைகள் இத்திட்டுக்களை நாடுவதேன்? நாற்புறமும் நீர் அகழிபோல் காக்கின்றது. ஆற்றில் மீனும், அண்டை நெல்வயல்களில் நத்தையும் கிடைக்கின்றன. ஆதலால் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் கூழைக்கடாவும் இங்கே கூடு கட்டுகின்றன. பாறைமீது முதலைகள் வெயில் காய்வதையும் படகிலிருந்தே காணலாம்.

ஆயினும், காக்கும் நீரே சில வேளை அழிக்கவும் செய்கிறது. மேலேயுள்ள கிருஷ்ணராஜசாகரத்திலிருந்து மிகுந்த வெள்ளம் திறந்துவிடப்படும்போது தாழ்ந்த திட்டுக்கள் மூழ்குகின்றன, கூடுகள் சேதமுறுகின்றன, படகும் நிறுத்தப்படுகிறது. மழைக்காலத்தில் விசாரித்துச் செல்லுதல் நலம்.

வெள்ளத்தை நம்மால் தடுக்க இயலாது. நமது கூச்சலைத் தடுக்க இயலும். தாய்ப்பறவை வெருண்டெழுந்தால் குஞ்சு வெயிலில் வாடும். முட்டை காக்கைக்கு இரையாகும். எனவே படகில் அமைதியாக அமர்வோம்; குழந்தைகளுக்கும் முன்னரே சொல்லி வைப்போம். தீபாவளியன்றும் வெடி வெடியாது பறவைகளைப் பேணும் வேடந்தாங்கல் ஊராரை அறிந்த நமக்கு இது புதிய பாடமன்று.