அழும் மழலையும் அணைக்கும் கரமும்

"அழும் குழந்தையை உடனே தூக்கினால் பிடிவாதம் வளரும்" என இளந்தாய்மாரைத் தடுப்போர் உண்டு. ஆனால், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குழந்தைகளைப் பிறந்தது முதல் ஓராண்டுவரை அவர்தம் இல்லங்களுக்கே சென்று கவனித்த மேரி எயின்ஸ்வொர்த், சில்வியா பெல் ஆகிய இருவரும் 1972-இல் வெளியிட்ட முடிவு இதற்கு மாறானது. தொடக்க மாதங்களில் விரைந்து அணைக்கப்பட்ட குழந்தைகள், ஆண்டிறுதியில் குறைவாகவே அழுதன.

காரணம் யாது? தன் கலக்கத்தைத் தானே அடக்கும் ஆற்றல் பச்சிளங் குழவிக்கு இல்லை. தாயின் மடியில் பன்முறை பெற்ற அமைதியே, பின்னர் தன்னைத்தான் அடக்கும் பண்பாக மலர்கின்றது.

தொழுகை நடத்துகையில் குழந்தையின் அழுகுரல் கேட்டால், தாயின் தவிப்பை எண்ணித் தொழுகையைச் சுருக்கினார்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்கள். தொழுகையே சுருக்கப்பட்டதெனில், அடுக்களை வேலை சற்றே காத்திருக்கலாகாதா?